வெறும் இரும்பில் கை வைக்க விடாத ஜுபைதா அக்கா

ஏழுமலையிடமிருந்து போன் வந்தபோது நான் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வலது கையில் ஸ்ப்ரே கன் இருந்தது. இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தேன். "பெயிண்டரே, அக்கா தவறிட்டாங்க. பழவேற்காட்டுக்கு, ஊட்டுக்கே எடுத்துக்கினு வந்துட்டாங்க. சாயந்திரம் அசர் தொழுகை முடிஞ்சதும் அடக்கமாம். ஒடனே வா" என்றான். "வரேன்" என்றேன். நான் போனை அணைப்பதற்குள் கன் மறுபடி சீறத் தொடங்கிய சத்தம் அவன் காதில் விழுந்துவிட்டது. சாவுச் செய்தி கேட்டும் வேலையை விடாதவன் என்று அன்றிலிருந்து அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம்மில் அவரிடம் திட்டு வாங்காத ஆள் யார்? லாரி டிரைவர், மில் சூபர்வைசர், புதுவாயல் டீக்கடைக்காரர் என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நான் பெயிண்டரு, ஏழுமலை கன்னுக்காரரு. என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான். சர்க்கரையும் சிறுநீரகமும் அவரைப் படுக்கையில் போட்ட பிறகு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கண்ணைத் திறந்து, "இன்னா பெயிண்டரே, வேல இல்லியா?" என்றார். என்னிடம் அவர் கேட்ட கடைசிக் கேள்வி அது.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் கயிறும் வலையும் விற்கிற வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு இரும்பு மில்லின் மதிலை ஒட்டி ஒரு ஷெட் போட்டிருந்தார். காற்றழுத்தத்தில் கருமணலைப் பீய்ச்சியடித்து, இரும்பில் இருக்கும் துருவையும் பழைய பெயிண்டையும் உரித்து எடுக்கிற ஷெட். குழாய், தொட்டி, கனமான தகடு எல்லாம் அங்கே வரும். ஏழுமலை மணல் கன்னைப் பிடித்து உரிப்பான், நான் முதல் பூச்சாகப் பிரைமர் அடிப்பேன். கணவர் மாரடைப்பில் போனதும், அக்கா ஷெட்டை விற்றுவிட்டு வீட்டோடு இருப்பார் என்று அவருடைய அண்ணன்கள் நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா கழிந்த மறு வாரம் அக்கா சோற்றுக் கேரியரோடு பஸ்ஸில் வந்து இறங்கி, பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டி, கணவருடைய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துணியை இறுக்கிக் கட்டினார். "கன்னுக்காரரே, இன்னிக்கு இன்னா லோடு?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஷெட் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை ஒரு குழாயில் வந்தது. ஏழுமலை உரித்து முடித்த குழாய்மேல் நான் சும்மா கையை ஊன்றி நின்றேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை மறுபடி அடிக்கச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு கை பட்டதற்கா இவ்வளவு என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடியை எடுத்து என்மேல் விட்டெறிந்தார். "பெயிண்டு உரிஞ்ச இரும்புக்குத் தோலு கெடையாது பெயிண்டரே. ஒன் கையில இருக்கற உப்ப அப்பிடியே வாங்கி உள்ள வெச்சிக்கும். நீ மேல எத்தினி கோட்டிங் அடிச்சாலும் ஒரு நாள் ஒன் கை அங்க துருவா எழுந்து நிக்கும்" என்றார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கார் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. மின்வெட்டுக்கு அட்டவணை போட்டு அதையும் மீறிக் கரண்டை எடுத்துக்கொண்டிருந்த காலம். மில்களே பாதி நாள் மூடிக் கிடந்தன. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் வரப்போகிறது, வந்தால் வேலை கொட்டும் என்று டீக்கடையில் பேச்சு மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போது எங்கள் பக்கத்து ஆரணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு டிராக்டர், டிரெய்லரில் தார்ப்பாய் மூடிய எதையோ ஏற்றிக்கொண்டு வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் மட்கார்டின்மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் சுலோசனா.

தார்ப்பாயை விலக்கினார்கள். உருண்டை மூக்கும் முட்டைக்கண் விளக்குக் குழியுமாக, ஐம்பதுகளில் வந்த ஒரு காரின் வெறும் கூடு. இன்ஜின், சீட், கண்ணாடி எல்லாவற்றையும் பொன்னேரி மெக்கானிக் கழற்றி வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கோடு பாடியை மட்டும் அனுப்பியிருந்தார். கறுப்புப் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது. சுலோசனாவின் அப்பா ஓட்டிய கார் அது. அவர் பக்கவாதத்தில் படுத்ததும் நெல் குடோனில் நிறுத்தினார்களாம். கோழி அடைகாத்து, எலி குடித்தனம் நடத்தி, மழைத் தண்ணீர் ஒழுகி அதன் பாட்டுக்கு நின்றிருக்கிறது. அப்பா காலமாகிப் பாகம் பிரித்தபோது நிலம், குடோன் எல்லாம் அண்ணன் தாமோதரனுக்குப் போய்விட்டது. சுலோசனா காரைக் கேட்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம். பாடி சரியாக வந்தால் கார் உனக்கு, வராவிட்டால் பழைய இரும்புக் கடைக்கு, அதற்குமேல் குடோனில் இடம் இல்லை என்று தாமோதரன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சுலோசனாவும் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இது வேண்டாம் என்றேன். நாம் உரிப்பதெல்லாம் விரல் தடிமனான தகடு. இது அப்பளம் மாதிரி இருக்கிறது. இந்த மாடலுக்கு வேறு பாடி எங்கேயும் கிடைக்காது என்று மெக்கானிக்கே சொல்லியனுப்பியிருக்கிறார். கெடுத்தால் கெட்டதுதான். அக்கா நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு டிரெய்லர் பக்கத்தில் நின்றிருந்த சுலோசனாவைப் பார்த்தார். அந்த அம்மாள் காரைப் பார்க்கவே இல்லை, எங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்குங்க" என்றார் அக்கா.

சாயந்திரம் டீ குடிக்கும்போது ஏன் இந்த வம்பு என்று கேட்டேன். "எங்க அண்ணனுங்க நோம்புக்கு நோம்பு ஊட்டுக்கு வந்து, ஷெட்டு இன்னும் நடக்குதான்னு கேட்டுட்டுப் போறாங்க. எப்ப படுக்கும்னு பாத்துக்கினு இருக்காங்க. அந்தம்மா அண்ணனும் அப்பிடித்தான் பாத்துக்கினு இருக்கான்" என்றார். டீயை ஊதிக் குடித்துவிட்டு, "பாக்கட்டும், அவங்களுக்கும் பொழுது போவணும்ல" என்றார்.

நான் பயந்தது மறுநாளே நடந்தது. ஏழுமலை கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் கையும் கண்ணும் குழாயில் பழகியவை. குழாயை அடிக்கும்போது இரும்பின் வெள்ளை தெரியும்வரை கன்னைக் கிட்டே கொண்டுபோய் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிப்பான். அதில்தான் அவனுக்குப் பெருமை. காரின் டிக்கி மூடியைத் தனியாகக் கழற்றி வைத்து முதலில் அதில் அடித்துப் பார்க்கலாம் என்றார் அக்கா. அழுத்தத்தைக் குறைத்து, தள்ளி நின்று அடிக்கச் சொன்னார். ஏழுமலை நன்றாகத்தான் ஆரம்பித்தான். நடுவில் ஒரு துருத் திட்டு போகவில்லை. பழக்கம் விடுமா? கன் தானாகக் கிட்டே போய் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகடு பூரி மாதிரி உப்பி எழுந்தது. அக்கா ஓடிப்போய் கம்ப்ரஸரை அணைத்தார்.

ஏழுமலை தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான். டிங்கர் சூடு காட்டித் தட்டினால் சரியாகிவிடும், அந்த அம்மாளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான்தான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செல்போனை எடுத்து அங்கேயே சுலோசனாவைக் கூப்பிட்டார். "நான் கும்மிடிப்பூண்டி ஷெட்லேந்து பேசறேன். ஒங்க டிக்கி மூடிய கெடுத்துட்டோம். சரி பண்ண முடியும்னு நெனைக்கறேன். வந்து பாருங்க. பாத்துட்டு, பாடிய எடுத்துக்கினு போறதுன்னா போங்க." சுலோசனா மதியம் பஸ் பிடித்து வந்தார். உப்பிய மூடியைத் தடவிப் பார்த்தார். எங்கள் யாரையும் திட்டவில்லை. "இத எங்க அண்ணன் கிட்ட சொல்லாதீங்க" என்றுமட்டும் கேட்டார். "நானா போயி சொல்லமாட்டேன். வந்து கேட்டா மறைக்கமாட்டேன்" என்றார் அக்கா. சுலோசனாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பாடியை எடுத்துக்கொண்டு போகவில்லை. மூடியை டிங்கர் சூடு காட்டித் தட்டிச் சமன் செய்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு கன்னை அடிச்சட்டத்துக்கும் வளைவு மூலைகளுக்கும் மட்டும்தான் காட்டினோம். கூரை, பானெட், கதவு என்று அகலமான தகடு எல்லாவற்றையும் கையாலேயே உரித்தோம். பெயிண்ட் ரிமூவரைத் தடவிவிட்டுக் காத்திருந்தால் மேல்தோல் காய்ச்சிய பால் ஏடுபோலச் சுருங்கி வரும், அதைத் தகட்டுக் கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். கறுப்புக்குக் கீழே பழுப்பு வெள்ளை இருந்தது, அதற்கும் கீழே ஒரு பச்சை. பச்சையைப் பார்த்ததும் சுலோசனா உட்கார்ந்துவிட்டார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது கார் அந்த நிறத்தில்தான் இருந்ததாம், மறந்தே போயிருந்தாராம். அக்கா பக்கத்தில் வந்து, "பாத்துக்கோங்க, இதுவும் போவப்போவுது" என்று சொல்லிவிட்டுப் பச்சையின்மேல் கரண்டியை வைத்தார். இரக்கமே இல்லாத பெண்மணி என்று அப்போது நினைத்தேன். பச்சையில் ஒரு சில்லை வழிக்காமல் தனியாகப் பெயர்த்து, காகிதத்தில் மடித்து சுலோசனாவின் பையில் அவர் போட்டதைப் பிறகுதான் பார்த்தேன்.

இனிமேல் வருவது அந்த உரிப்பு வேலையின் கடைசி நாள் கதை. உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள், தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

வெறும் இரும்பு வெளியே வந்துவிட்டால் பிறகு கடிகாரம் நம் கையில் இல்லை. எங்கள் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் பழவேற்காட்டுத் திசையிலிருந்து கடல் காற்று எழும். அதில் ஈரமும் உப்பும் இருக்கும். பட்டால் போதும், வெள்ளை இரும்பில் மஞ்சள் பூக்கத் தொடங்கிவிடும். அதற்குள் பிரைமர் ஏறியாக வேண்டும். போதாக்குறைக்கு, மத்தியானம் கரண்ட் போகும். காலையில் துரு எடுக்கிற திரவம் பூசி, கழுவி, துடைத்து, காற்றடித்து உலர்த்தி, கடைசியாகத் தின்னரால் துடைத்தோம். தூசியும் காற்றும் வராமல் நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தோம். உள்ளே தின்னர் வாடை மண்டையைப் பிளந்தது. நடுவில் டிரம்களின்மேல் கார், ஒரு பொட்டு நிறம் இல்லாமல், வெள்ளியைப்போல நின்றது. நான் பிரைமரைக் கலக்கத் தொடங்கியபோது வெளியே வேன் வந்து நின்றது.

தாமோதரன் வந்திருந்தார். கூடவே சொந்தக்காரர்கள். ஒருவர் கையில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரத் தட்டு. இன்னொருவர் கையில் பித்தளைச் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர். அது வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுலோசனா அவர்களுக்குப் பின்னால், முகம் வெளுத்து வந்துகொண்டிருந்தார். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே வந்த தாமோதரன், "இரும்பு அம்மணமா நிக்குது. இதுக்கு மஞ்சள் குங்குமம் வெக்காம கலர் ஏத்துனா குடும்பத்துக்கு ஆவாது. ஒரு நிமிசம் நகருங்க" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். சொல்லிக்கொண்டே கற்பூரத் தட்டை வாங்கித் தீப்பெட்டியைத் திறந்தார்.

அக்கா பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். தட்டு சரிந்து கற்பூரம் தரையில் உருண்டது.

நான் பயந்தே போனேன். பூஜைத் தட்டு கீழே விழுந்திருக்கிறது, தட்டிவிட்டது ஜுபைதா அக்கா. தேங்காய் வைத்திருந்தவர் ஒரு அடி முன்னால் வந்தார். ஏழுமலை கையிலிருந்த குழாயைக் கீழே வைக்காமல் இறுக்கிப் பிடித்தான். தாமோதரன் மெதுவாக, "எங்க சாமி ஒங்களுக்கு ஆவாதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த மெதுவான குரல்தான் அதிகம் பயமுறுத்தியது. இந்த மாதிரிப் பேச்சு ஒரு ஷெட்டில் தொடங்கி எங்கெங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்கா குனிந்து கற்பூரத்தைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். "ஆவும் ஆவாதுன்னு நான் சொல்லல. வாடை அடிக்குது பாருங்க, இது தின்னர். இங்க குச்சி கிழிச்சா நீங்க, நானு, ஒங்க தங்கச்சி எல்லாரும் ஒண்ணாப் போவோம். அப்பறம் ஒங்க சாமியும் எங்க சாமியும்தான் ஒக்காந்து பேசிக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தாமோதரனுக்கு அது நியாயம் என்று பட்டிருக்க வேண்டும், ஆனால் நாலு பேர் பார்க்கப் பின்வாங்க மனம் வரவில்லை. "சரி, கற்பூரம் வாணாம். மஞ்சள் வெக்கறேன்" என்று செம்பில் கையை விட்டார்.

"வெறும் இரும்புல ஈரக்கை வெக்காதீங்க" என்றார் அக்கா.

"எங்க நைனா வண்டில கை வெக்க நான் எவளக் கேக்கணும்?"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையை முழுசாகப் பானெட்டின் நடுவில் அழுத்தி வைத்தார். எடுத்தபோது ஐந்து விரலும் மஞ்சளாக அங்கே இருந்தன. விரல் நுனியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே இறங்கியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாரக்கணக்காகக் கை தேய உரித்த வேலை அது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஏழுமலையைப் பார்த்துக் கம்ப்ரஸர் பக்கமாகக் கண்ணைக் காட்டினார். அது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு தாமோதரனை விட்டுவிட்டு சுலோசனாவிடம் திரும்பினார். "வண்டி ஒங்களுது. நீங்க சொல்லுங்க. இருக்கட்டுமா, எடுக்கவா?"

தார்ப்பாயின் ஓரம் லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். காற்று எழுந்துவிட்டது. அக்காவும் பார்த்திருப்பார். ஆனால் அவசரப்படுத்தவில்லை.

சுலோசனா முன்னால் வந்தார். "கிளவுஸ் குடுங்க" என்றார். அக்கா தன் கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். சுலோசனா வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, கையுறையை மாட்டி, உப்புத்தாளை எடுத்து அண்ணனின் கைத்தடத்தைத் தேய்க்கத் தொடங்கினார். "மஞ்சள அழிக்கறியே சுலோ, வெளங்குமா?" என்றார் தாமோதரன். சுலோசனா நிமிரவில்லை. "நைனா வண்டிய துரு தின்னுக்கினு இருந்திச்சே, அப்ப ஒரு நாளு வந்து மஞ்சள் வெச்சியா அண்ணா?" என்றார். செம்பு வைத்திருந்தவர் தரையைப் பார்த்தார்.

அக்கா உள் அறைக்குப் போய்க் கோணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். காரின் ஸ்டியரிங். பாடியோடு வந்ததை அவர்தான் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அதைத் தாமோதரன் கையில் கொடுத்து, "ஒங்க நைனா கை பட்டது இதுலதான். இதுக்கு எவ்ளோ வேணா மஞ்சள் பூசுங்க, ஒண்ணும் ஆவாது. வாங்க, வெளிய வேப்பமரத்தாண்ட கற்பூரம் ஏத்தலாம். நானும் வரேன்" என்றார். ஸ்டியரிங்கின் கறுப்பு வளையம் இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. தாமோதரன் தன் கைகளை அந்த இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா அவருக்குப் பின்னால் போய், மரத்திலிருந்து சற்றுத் தள்ளி, பூஜை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் தூரத்தில் கேட்டது. அவர் நகரவில்லை.

உள்ளே நானும் சுலோசனாவும் பானெட்டைத் தேய்த்து, தின்னரால் துடைத்து முடித்தோம். அந்த அம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அது பானெட்டில் சொட்டாமல் முகத்தைத் திருப்பித் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டார். நான் கூரையிலிருந்து பிரைமர் அடிக்கத் தொடங்கினேன். கூரை முடிந்து, பானெட்டின் பாதிக்கு வந்தபோது விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது. கம்ப்ரஸர் முனகி நின்றது.

நான் கன்னைத் தாழ்த்தினேன். அந்த நேரம் அக்கா உள்ளே வந்தார். "இன்னா நின்னுட்ட? அடி. டேங்க் ரொம்பியிருக்கு" என்றார். வேறு வேலை எதற்கும் காற்றைத் திறக்காமல், மணல் அடிக்கிற பெரிய காற்றுத் தொட்டி முட்டும்வரை ஏற்றி வை என்றுதான் சண்டைக்கு நடுவில் ஏழுமலைக்குக் கண்ணைக் காட்டியிருக்கிறார். ஸ்ப்ரே கன் குடிக்கிற காற்று கொஞ்சம்தான். ஆனாலும் தொட்டியின் அழுத்தமானி முள் இறங்கிக்கொண்டே இருந்தது. பெயிண்ட் சீராக வராமல் இடையிடையே துப்பத் தொடங்கியது. "நிறுத்திடலாம்க்கா, கரண்டு வந்ததும் பாத்துக்கலாம்" என்றேன். என் கை நடுங்கியது. அவர் என் காதருகே வந்து, "பாதி கோட்டிங்ல நிக்காத. நீ நிக்கற எடத்துலதான் துரு உள்ள பூரும். கையி ஆடனாலும் பரவால்ல, முடிச்சிட்டு அப்பறம் நடுங்கு" என்றார். அடித்தேன். பானெட் முடிந்தது, கதவுகள் முடிந்தன, இடது பக்கக் கீழ்ப்பட்டைக்கு வந்தபோது கன்னிலிருந்து வெறும் மூச்சுதான் வந்தது. அக்கா பிரஷ்ஷை எடுத்து டப்பாவில் முக்கி, தரையில் உட்கார்ந்து மீதியைக் கையால் பூசினார். மறுபக்கத்திலிருந்து இன்னொரு பிரஷ்ஷோடு சுலோசனா பூசிக்கொண்டு வந்தார். இருவரும் நடுவில் சந்தித்தபோது தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று முழுசாக வந்துவிட்டது. இனி வரட்டும் என்று எனக்கு இருந்தது.

அந்த வருஷமே கார் ஓடியது. பச்சைச் சில்லைக் காட்டி அதே நிறத்தைக் கலக்கச் சொல்லி சுலோசனா என் உயிரை வாங்கினார். அக்காவின் அண்ணன்கள் நோன்புக்கு நோன்பு வந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஷெட் நின்றபாடில்லை. இன்றைக்கும் ஏழுமலை திறந்து வைத்திருக்கிறான்.

அடக்கத்தன்று நான் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் கூட்டத்தோடு நடந்து, தெருமுனைக்குத் திரும்பி வந்தேன். அங்கே அந்தப் பச்சைக் கார் நின்றிருந்தது. சுலோசனா வீட்டுக்குள் பெண்களோடு இருந்தார். தாமோதரன் வெளியே கார் பக்கத்தில் தனியாக நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு அவர், "அன்னிக்கு நான் எங்க கைய வெச்சேன்?" என்று கேட்டார்.

பானெட்டில் இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து வெயிலுக்கு எதிராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே."

"தெரியக்கூடாதுன்னுதான் தேச்சாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்த இடத்தில் கையை வைத்தார், இந்த முறை மெதுவாக. நானும் வைத்தேன். கையுறை இல்லாமல் அந்தக் காரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. வெயிலில் வந்த வண்டி, சுட்டது.

அக்காவிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் வரவில்லை. அந்த வெள்ளைக் கையுறைகூட எப்போதோ கிழிந்து போயிற்று. ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. ஏழுமலை, நீ போன் பண்ணியபோது நான் அந்த கேட்டில் பாதிக் கோட்டிங்கில் இருந்தேன். கை நடுங்கியது. முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதேன்.